கோழி தந்த விடை: பெய்டன் ரௌஸின் 55 ஆண்டுக் காத்திருப்பு

1909ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ராக்கஃபெல்லர் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கு ஒரு பெட்டைக் கோழி கொண்டுவரப்பட்டது. பிளிமத் ராக் இனத்தைச் சேர்ந்த, கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட கோழி அது. அதன் வலப்பக்க நெஞ்சில் பெரிய கட்டி ஒன்று புடைத்திருந்தது.

அந்தக் கோழியைப் பரிசோதித்த மருத்துவர் 30 வயதை எட்டிக்கொண்டிருந்தார். பெயர் பிரான்சிஸ் பெய்டன் ரௌஸ். புற்றுநோய் ஆய்வைத் தேர்ந்தெடுத்தால் வாழ்க்கை வீணாகிவிடும் என்று பலரும் அஞ்சிய காலம் அது. அந்தத் துறையில் யாரும் எதையும் உறுதியாகக் கண்டுபிடித்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கோழியின் கட்டியிலிருந்து தொடங்கிய பாதை, உயிரணுக்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறையை நமக்குக் காட்டியது. இன்று புற்றுநோயாளிகள் உட்கொள்ளும் பல மாத்திரைகளின் மூலமும் அதுதான்.

அந்தப் பாதையின் தொடக்கத்தில் நின்ற ரௌஸ், தம் ஆய்வின் முழுப் பொருளையும் இறுதிவரை அறியவில்லை. அதன் ஒரு பகுதியை அவர் ஏற்கவே மறுத்தார்.

தாயின் முடிவு

ரௌஸ் 1879ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். அவருக்கு 11 வயதானபோது தந்தை காலமானார். மூன்று பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாய்க்கு டெக்சஸ் மாநிலம்தான் பிறந்தகம். அங்குச் சென்றிருந்தால் உறவினர் ஆதரவு கிடைத்திருக்கும். ஆனால், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர் பால்டிமோரிலேயே தங்க முடிவு செய்தார்.

அந்த முடிவு வீண்போகவில்லை. ரௌஸ் அதே நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அங்கேயே மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். காட்டுப் பூக்கள்மீது அவருக்குத் தனி ஆர்வம் உண்டு. இளம் வயதில் உள்ளூர் நாளிதழில் அந்தந்த மாதத்தில் பூக்கும் மலர்களைப் பற்றி எழுதிச் சிறிது பணமும் ஈட்டினார்.

மருத்துவம் படிக்கும்போது ஒரு விபத்து நேர்ந்தது. காசநோயால் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது எலும்பு கீறி விரலில் காயம் ஏற்பட்டது. காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்து, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவைத் தாக்கியது. அந்நாளில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் டெக்சஸ் சென்று, மாட்டுப் பண்ணையில் குதிரையேறி வேலை செய்தார். திறந்தவெளி வாழ்க்கை உடலைத் தேற்றியது. ஓராண்டு கழித்துத் திரும்பி, 1905ஆம் ஆண்டில் மருத்துவரானார்.

ஆனால் நோயாளிகளைக் கவனிக்கும் பணி தமக்கு ஒத்துவராது என்று அவர் விரைவிலேயே உணர்ந்தார். நோய் எப்படி உண்டாகிறது என்ற கேள்விதான் அவரை ஈர்த்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சொற்பச் சம்பளத்தில் நோய்க்கூறியல் கற்பிக்கச் சேர்ந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட பேராசிரியர் ஆல்ஃபிரட் வார்தின், கோடைகால வகுப்புகளைத் தாம் நடத்தி அந்த ஊதியத்தை அவருக்குக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் ரௌஸ் ஜெர்மனி சென்று மேற்பயிற்சி பெற முடிந்தது.

வடிகட்டியைத் தாண்டியது எது?

ராக்கஃபெல்லர் கழகத்தில் சேர்ந்த ரௌஸிடம் புற்றுநோய் ஆய்வுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அப்போதுதான் அந்தக் கோழி வந்துசேர்ந்தது. அதன் கட்டி, சார்கோமா எனப்படும் இணைப்புத் திசுப் புற்றுநோய் என்பதை அவர் கண்டறிந்தார்.

முதலில் கட்டியின் சிறு துண்டை அதே வளர்ப்புக் கூட்டத்தைச் சேர்ந்த வேறு கோழிகளின் உடலில் வைத்தார். சிலவற்றில் புதிய கட்டி வளர்ந்தது. புற்றுநோய் உயிரணுக்களையே இடம் மாற்றியதால் அது வளர்ந்தது என்று கருதலாம். அதில் பெரிய வியப்பில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமான சோதனை. கட்டியை மணலுடன் சேர்த்து அரைத்து, உப்புநீரில் கரைத்து, மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் வடித்தார். உயிரணுக்களும் பாக்டீரியாக்களும் அந்த வடிகட்டியைத் தாண்ட முடியாது. வடிந்து வந்த தெளிந்த நீரை நலமாக இருந்த கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் அதே புற்றுநோய் வந்தது.

அப்படியானால் புற்றுநோயை உண்டாக்கியது உயிரணுவும் அன்று, பாக்டீரியாவும் அன்று. அவற்றைவிட மிகச் சிறிய ஏதோ ஒன்று. இன்று அதை வைரஸ் என்கிறோம். ரௌஸ் 1911ஆம் ஆண்டில் இந்த முடிவை வெளியிட்டார். கருதுகோளை அடக்கமாகவும் செய்முறையை விரிவாகவும் எழுதினார்.

அறிவியல் உலகம் அதை நம்பவில்லை. வடிகட்டியில் ஓட்டை இருந்திருக்கும் என்றனர் சிலர். அது புற்றுநோயே அன்று என்றனர் வேறு சிலர். பறவைகளுக்கு நேர்வது மனிதர்களுக்குப் பொருந்தாது என்று மற்றவர்கள் ஒதுக்கினர். ரௌஸ் வேறு வகைக் கோழிக் கட்டிகளையும் எடுத்து அதே முடிவைக் காட்டினார். ஆனால் எலியின் கட்டிகளில் அதேபோன்ற வைரஸைத் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. 1915ஆம் ஆண்டளவில் அவர் புற்றுநோய் ஆய்வைக் கைவிட்டார்.

போர்க்களத்துக்குச் சென்ற இரத்தம்

கைவிட்டாலும் சும்மா இருக்கவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. காயமடைந்தவர்களுக்கு இரத்தம் தேவைப்பட்டது. ஆனால் உடலிலிருந்து எடுத்த இரத்தத்தை நெடுநாள் வைத்திருக்க முடியாது. கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே இருந்தால்தான் இரத்தம் ஏற்ற முடியும் என்ற நிலை.

ரௌஸும் ஜோசப் டர்னரும் சேர்ந்து, சிட்ரேட் உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு கரைசலை உருவாக்கினர். சிட்ரேட் இரத்தம் உறைவதைத் தடுத்தது. சர்க்கரை சிவப்பணுக்கள் சிதைவதைத் தாமதப்படுத்தியது. இம்முறையில் குளிரூட்டி வைத்த இரத்தம் சில வாரங்கள் வரை பயன்படுத்தும் நிலையில் இருந்தது. 1916ஆம் ஆண்டு இது வெளியிடப்பட்டது. ரௌஸுடன் பணியாற்றிய ஆஸ்வால்ட் ராபர்ட்சன், மறு ஆண்டு பிரான்சின் போர்முனையில் இரத்தத்தை முன்கூட்டியே சேமித்து, காயமடைந்த வீரர்களுக்கு ஏற்றினார். இன்றைய இரத்த வங்கிகளுக்கு அதுவே முன்னோடி. கல்லூரி வளாகத்தில் இரத்த தானம் செய்யும் மாணவர்கள், தங்கள் கையிலிருந்து நிரம்பும் பையிலும் சிட்ரேட்டும் சர்க்கரையும் கலந்த கரைசல் இருப்பதை நினைவில் கொள்ளலாம்.

இந்த ஒன்றே ஒருவருக்குப் புகழ் தரப் போதும். ஆனால் ரௌஸின் மனத்தில் அந்தக் கோழி இருந்துகொண்டே இருந்தது.

முயல் கொண்டுவந்த மறுவாய்ப்பு

1933ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர், அமெரிக்கக் காட்டு முயல்களின் தோலில் கொம்புபோல் வளரும் மருக்களுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்டறிந்தார். மேற்கொண்டு ஆராயும்படி ரௌஸை அவர் கேட்டுக்கொண்டார். ரௌஸ் மீண்டும் புற்றுநோய் ஆய்வுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 50ஐத் தாண்டியிருந்தது.

அந்த வைரஸை வீட்டு முயல்களுக்குச் செலுத்தியபோது, மருக்கள் காலப்போக்கில் உண்மையான புற்றுநோயாக மாறின. பாலூட்டிகளிலும் வைரஸால் புற்றுநோய் வரும் என்பது இதனால் தெளிவானது. புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதில்லை, படிப்படியாக முற்றுகிறது என்பதையும் ரௌஸும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

முயல் வைரஸின் உறவுக்கார வைரஸ்கள் சில மனிதர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது பிற்காலத்தில் தெரியவந்தது. அதைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை மலேசியா 2010ஆம் ஆண்டு முதலும் சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டு முதலும் பள்ளி மாணவியருக்கு வழங்கி வருகின்றன.

நோபல் பரிசுக்கு ரௌஸின் பெயர் முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்டது 1926ஆம் ஆண்டில். ஆனால் அந்த ஆண்டுக்குரிய மருத்துவப் பரிசு டென்மார்க்கைச் சேர்ந்த யோகன்னஸ் ஃபிபிகருக்குச் சென்றது. ஒரு வகைப் புழு எலிகளின் வயிற்றில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பின்னர் அது தவறு என்று தெரியவந்தது. சரியான கண்டுபிடிப்பு காத்திருக்க, பிழையான ஒன்று மேடையேறியது.

ரௌஸுக்குப் பரிசு கிடைத்தது 1966ஆம் ஆண்டில். கோழி ஆய்வு வெளியாகி 55 ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு வயது 87. சார்லஸ் ஹக்கின்சுடன் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின், நரம்புகள் குறித்த ஆய்வுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நோபல் பரிசு வாங்கிவிட்டார். மாமனார் மருமகனுக்குப் பின்னால் வந்த வேடிக்கை அது.

அவர் ஏற்க மறுத்தது

இந்த இடத்தில் கதையை முடித்தால், உலகம் நம்ப மறுத்தும் மனம் தளராத ஒருவரின் வெற்றிக் கதையாக இருக்கும். ஆனால் உண்மை இன்னும் சற்றுச் சிக்கலானது.

உயிரணுவின் மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் புற்றுநோய் வருகிறது என்ற கருத்து அன்றே நிலவியது. ரௌஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1966 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையிலும், பல சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்காது என்றே வாதிட்டார். ஆய்வாளர்களின் கவனத்தை அது திசைதிருப்புவதாகவும் அவர் கருதினார்.

சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1970 பிப்ரவரி 16ஆம் தேதி, ரௌஸ் காலமானார். வயிற்றுப் பகுதியில் வந்த புற்றுநோய்தான் காரணம். தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த நோயே அவர் உயிரைப் பறித்தது.

அவர் மறைந்து நான்கு மாதங்களில் ஒரு செய்தி அறிவியல் உலகை உலுக்கியது. ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே ஆராய்ந்து, ரௌஸ் கண்ட வைரஸ் போன்றவை தங்கள் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதியைக் கொண்டுள்ளன என்று அறிவித்தனர். அப்படி உருவாகும் டிஎன்ஏ, உயிரணுவின் மரபணுத் தொகுப்புக்குள் நுழைந்து அதன் பகுதியாகிவிடுகிறது. டெமின் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தியது ரௌஸின் கோழி வைரஸைத்தான்.

மரபணு யாருடையது?

ரௌஸ் வைரஸில் நான்கே மரபணுக்கள். மூன்று, வைரஸ் பெருகுவதற்குத் தேவையானவை. நான்காவது பெருக்கத்துக்குத் தேவையில்லை. அதை இழந்த வைரஸும் பெருகியது. ஆனால் சார்கோமாவை உண்டாக்கவில்லை. சார்கோமா என்ற சொல்லிலிருந்தே அந்த நான்காவது மரபணுவுக்குச் சார்க் என்று பெயரிட்டனர்.

தேவையற்ற ஒரு மரபணுவை வைரஸ் ஏன் சுமக்கிறது? அது எங்கிருந்து வந்தது? சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கல் பிஷப், ஹரால்ட் வார்மஸ் இருவரும் தங்கள் குழுவினருடன் இதற்கு விடை தேடினர். சார்க் மரபணுவோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு ஒன்றைத் தயாரித்து, நோயே இல்லாத கோழியின் டிஎன்ஏவில் சோதித்தனர். அது அங்கும் ஒட்டியது. வாத்து, வான்கோழி, ஈமு என்று வேறு பறவைகளிலும் ஒட்டியது. 1976ஆம் ஆண்டு முடிவு வெளியானது. பின்னர் மனிதர்களிடமும் அதே மரபணு இருப்பது தெரிந்தது.

சார்க் வைரஸின் சொந்தப் பொருள் அன்று. எப்போதோ ஒரு கோழியின் உயிரணுவிலிருந்து வைரஸ் அதை எடுத்துச் சென்றிருக்கிறது. புற்றுநோயின் விதை வெளியிலிருந்து வரவில்லை. நம் மரபணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவரும் 1989ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

அப்படியானால் நம் உடலில் சார்க் என்ன செய்கிறது? இங்குதான் உயிரணுக்களின் சமிக்ஞை வருகிறது.

ஓர் உயிரணு தானாக முடிவெடுத்துப் பிரிவதில்லை. வளர்ச்சித் தூண்டி எனும் புரதம் வெளியிலிருந்து வந்து, உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி உள்ளே உள்ள ஒரு புரதத்தைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்டுகிறது. தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் தகவல் உட்கருவைச் சென்றடைகிறது. பிறகுதான் உயிரணு வளர்கிறது, பிரிகிறது.

இந்தக் கைமாற்றத்தில் பெரும்பாலும் பயன்படுவது பாஸ்பேட் எனும் சிறு வேதிக்கூறு. ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டினால் அதன் வேலை தொடங்கலாம், நிற்கலாம். இப்படி ஒட்டும் புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். சார்க் மரபணு உருவாக்கும் புரதமும் ஒரு கைனேஸ்தான் என்பது 1978ஆம் ஆண்டு தெரிந்தது. அது டைரோசின் எனும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்பதை விரைவிலேயே டோனி ஹன்டர் கண்டறிந்தார்.

இயல்பான சார்க் புரதத்துக்கு ஒரு தடை உண்டு. அதன் வால்பகுதி மடங்கி, வேலை செய்யும் பகுதியை அடக்கி வைக்கிறது. தேவைப்படும்போது மட்டும் மடிப்பு விரிகிறது. வைரஸ் எடுத்துச் சென்ற சார்க்கிலோ அந்த வால்பகுதி மாறிவிட்டது. தடை இல்லை. தூண்டி வராதபோதும் வந்துவிட்டதாகவே அது தகவல் அனுப்புகிறது. உயிரணு நிற்காமல் பெருகுகிறது. 1909ஆம் ஆண்டு அந்தக் கோழியின் நெஞ்சில் நடந்தது இதுதான்.

வைரஸே இல்லாமலும் இத்தகைய கேடு நேரலாம் என்பது 1982ஆம் ஆண்டு உறுதியானது. மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உயிரணுக்களில், ராஸ் எனும் மற்றொரு சமிக்ஞைப் புரதத்தின் மரபணு ஆராயப்பட்டது. அதில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. எந்த மரபணு மாற்றக் கருத்தை ரௌஸ் மறுத்தாரோ, அதுவே மெய்யானது. அதை நோக்கி ஆய்வாளர்களை அழைத்துச் சென்றது அவர் கண்டுபிடித்த வைரஸ்.

மாத்திரையாக மாறிய அறிவு

எந்தப் புரதம் ஓயாமல் தகவல் அனுப்புகிறது என்று தெரிந்தால், அதை மட்டும் அடக்க மருந்து தேடலாம். வளரும் உயிரணுக்கள் எல்லாவற்றையும் தாக்கும் பழைய சிகிச்சையிலிருந்து இது வேறுபட்டது.

ஒரு வகை மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 எனும் ஏற்பி அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, ஓயாத கைனேஸ் ஒன்று உருவாகிறது. அது சார்க்கைப் போன்ற டைரோசின் கைனேஸ். அதை அடக்கும் இமாடினிப் மாத்திரை 2001ஆம் ஆண்டு வந்தது. முன்பு சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த அந்நோயுடன், இன்று பலர் மாத்திரை சாப்பிட்டபடியே ஏறக்குறைய இயல்பான ஆயுளை வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டு வந்த டசாடினிப், அந்தக் கைனேஸையும் சார்க் குடும்பப் புரதங்களையும் சேர்த்தே தடுக்கிறது. மருந்துக்கு எளிதில் பிடிகொடுக்காத ராஸ் புரதத்தின் ஒரு வகையைக் குறிவைக்கும் சோடோராசிப், 2021ஆம் ஆண்டுதான் அனுமதி பெற்றது.

எல்லாப் புற்றுநோய்க்கும் இத்தகைய மருந்து இல்லை. இருக்கும் மருந்துகளையும் சில கட்டிகள் புதிய மாற்றங்களால் ஏமாற்றிவிடுகின்றன. அதனால்தான் இன்று பல நோயாளிகளுக்குச் சிகிச்சையைத் தொடங்குமுன் கட்டியின் மரபணுவைப் பரிசோதிக்கின்றனர். எந்தச் சமிக்ஞை பழுதாகியுள்ளது என்பதைப் பொறுத்தே மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ரௌஸின் வாழ்க்கை, பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை சொல்லப்பட்டுள்ளது. அது சரிதான். தம்மைச் சுற்றியிருந்தவர்கள் தவறு என்றபோது அவர் சரியாக இருந்தார். ஆனால் உலகமே அவரைப் பாராட்டிய மேடையில் அவர் தவறாகப் பேசினார். இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர்தான். ஒரு முறை சரியாகச் சொன்னவர் என்பதற்காக அவருடைய அடுத்த கருத்தும் சரியாகிவிடாது. ஒருவரும் நம்பவில்லை என்பதற்காக ஒரு சோதனையின் முடிவு பொய்யாகிவிடாது.

ரௌஸ் தம் செய்முறையை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். அவர் பிரித்தெடுத்த வைரஸ் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் தொடர்ந்து பேணப்பட்டது. அதனால்தான் அடுத்த தலைமுறையினர் அதை எடுத்துச் சோதித்து, அவருடைய கருத்தைத் திருத்தவும் அவருடைய கண்டுபிடிப்பை வளர்க்கவும் முடிந்தது. ஆய்வுக்கூட நோட்டில் இன்று ஒவ்வொரு படியையும் விடாமல் எழுதச் சொல்லி ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.